தூரத்துக்குக் காசு

போன மாதம் எங்கள் காலனியில் வீட்டுக்கு வீடு ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாதாள சாக்கடை இணைப்பு அறிவிப்பு. வீட்டின் பரப்பளவுக்கு ஏற்ற வைப்புத்தொகை, மாதக் கட்டணம், இணைக்க வேண்டிய சான்றுகள், கடைசித் தேதி, கீழே ஆணையாளரின் கையெழுத்து. என் பெரியம்மா அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இதுல துட்டு எங்கடா போட்டுருக்குது?' என்று கேட்டுச்சு. விரல் வைத்துக் காட்டினேன். 'கக்கூசு போறதுக்கா இம்மாந் துட்டு?' சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் யாருக்கும் பேச்சு வரவில்லை. ஏனென்றால் அந்தத் தாளின் கடைசியில் ஒரு வரி இருந்தது. காலனியில் நூற்றுக்கு எழுபது வீடுகளாவது முன்பணம் கட்டினால்தான் பிரதான சாலையிலிருந்து கிளைக் குழாய் எடுக்கப்படும்.

ஒரு நகரம் தன்னோடு சேர வருகிறவர்களுக்கு எப்படி விலை போடுகிறது என்பதை நம் பத்திரிகைகள் அதிகம் பேசியதில்லை. தேர் வடம், இரட்டைக் குவளை, சுடுகாட்டுப் பாதை எல்லாம் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். குழாய் என்று வந்துவிட்டால் அது இன்ஜினியர் சமாச்சாரம், கணக்குப்பிள்ளை சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறோம். நானும் இத்தனை நாள் அப்படித்தான் ஒதுங்கியிருந்தேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, சேர்க்கத்தான் வேண்டும் என்று துண்டறிக்கை அடித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அதற்குக் காரணம் இருந்தது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிப் பேசியதைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். கிராமத்தை அரசியலின் அலகாக வைக்கக் கூடாது, தனிமனிதரைத்தான் வைக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். ஊர் இருக்கிறவரை சேரி இருக்கும். நகரம் வந்தால் ஊர் சாகும், கூடவே சேரியும் சாகும், வார்டு எண் மட்டும்தான் மிஞ்சும் என்று நம்பினேன். கூட்டத்தில் அப்படியே பேசினேன். கைதட்டினார்கள்.

பெரியம்மா கைதட்டவில்லை. 'நூறு நாள் வேலை போய்டும்டா' என்றது. 2005 இல் வந்த அந்தச் சட்டம் கிராமப்புறத்துக்கு மட்டுமானதாக இருந்தது. நகராட்சி எல்லைக்குள் வந்த அன்றைக்கே அட்டை செல்லாக் காசு. நான் பெரியம்மாவுக்குத் தத்துவம் சொன்னேன். பெரியம்மா எனக்குக் கூலிக் கணக்கு சொன்னது. இரண்டில் எது நடந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் போனது. 1993 இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தமும் 1994 ஊராட்சிகள் சட்டமும் கொடுத்த தனி ஊராட்சி நாற்காலி. அந்த நாற்காலிக்கு நாம் கொடுத்த விலை எல்லாருக்கும் தெரியும். 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் முருகேசனும் தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டது அதற்காகத்தான். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 தொடங்கி 2006 வரை தேர்தலை உருப்படியாக நடத்த விடாதது அதற்காகத்தான். எங்கள் ஊராட்சி அந்தச் சுழற்சியில் எங்கள் பெண் ஒருவருக்கு வந்திருந்தது. அவர் உட்கார்ந்த ஒரே முறையோடு நாற்காலியே இல்லாமல் போய்விட்டது. இப்போது முப்பது சொச்சம் கவுன்சிலர்களில் எங்கள் வார்டுக்காரர் ஒருவர். 2025 பிறக்கும்போது தமிழக அரசு வெளியிட்ட அறிவிப்பில் 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளைச் சேர்க்கப் போவதாகச் சொல்லப்பட்டது. பல இடங்களில் ஜனங்கள் எதிர்த்து மனு கொடுத்தார்கள். 149இல் எத்தனை தனி ஊராட்சிகள் கலைகின்றன என்கிற கேள்வியை எந்தக் கட்சியும் மேடையில் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நாமாவது கேட்டோமா?

இவ்வளவு சொல்லிவிட்டும் நான் கிராமத்துக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அந்த ஊர்த் தெருவில் என் அப்பா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். நகரம் வேண்டும். என்ன நிபந்தனையில், யார் செலவில் என்பதுதான் கேள்வி.

சரி, கட்டணம் எங்கிருந்து வருகிறது? நகர்மன்றம் கூடித் தீர்மானித்தது என்று தாள் சொல்கிறது. நகர்மன்றம் செய்வது கை தூக்குவது. தொகை அதற்கு வெகு முன்பே திட்ட அறிக்கையில் உட்கார்ந்திருக்கும். குழாய், உந்து நிலையம், சுத்திகரிப்பு நிலையம் எல்லாவற்றுக்கும் இவ்வளவு கோடி. அதில் இவ்வளவு அரசு மானியம், இவ்வளவு கடன். மீதிக்கு 'பொதுமக்கள் பங்களிப்பு' என்று பெயர். கடன் கொடுக்கிறவன் தவணை திரும்பி வருமா என்று பார்ப்பான். வரும் என்று காட்டுவதற்கு எவ்வளவு வைப்புத்தொகை, எவ்வளவு மாதக் கட்டணம் வேண்டுமோ அவ்வளவும் நம் வீட்டுத் தாளில் வந்து விழும். பெரியம்மாவால் கட்ட முடியுமா என்பது அந்தக் கணக்கில் கடைசி வரி. பல நேரம் அந்த வரியே இருக்காது.

இந்தப் பாதையைத் தமிழ்நாட்டில் போட்டுக் கொடுத்தது ஆலந்தூர். 1996 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கிருந்த நகர்மன்றம், குழாய் பதிப்பதற்கு முன்னாலேயே வீட்டுக்கு 5,000 ரூபாயும் வணிக இடத்துக்கு 10,000 ரூபாயும் வைப்புத்தொகை வசூலித்தது. வீட்டுக்கு மாதம் 150 ரூபாய். சுமார் 34 கோடி ரூபாய்த் திட்டம், உலக வங்கி ஆதரவோடு அமைந்த தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் வழியாகக் கடன். கழிவுநீர் பெருங்குடி நிலையத்துக்குப் போனது. இந்தியாவுக்கே முன்மாதிரி என்று எழுதினார்கள். நான் அதை முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். சொன்னபடி குழாய் வந்தது, செப்டிக் டேங்க் லாரிக்குக் காத்துக்கிடந்த ஜனங்களுக்கு விடிவு வந்தது. ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில் ஐயாயிரம் என்பது ஒரு சித்தாளுக்குப் பல மாதக் கூலி. திட்டம் தொடங்கும் முன் ஜனங்களிடம் 'கட்ட விருப்பமா' என்று கணக்கெடுத்தார்கள். அந்த வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது. அதுவரை அந்த வீடுகளின் தொட்டிக்குள் இறங்கியவனிடம் யாராவது 'இறங்க விருப்பமா' என்று கணக்கெடுத்தார்களா?

ஆலந்தூர் 2011 இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அன்றைக்குச் சேர்ந்தவை 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள். 174 சதுர கிலோமீட்டர் மாநகரம் 426 ஆனது. பெயர்ப்பலகை மாறியது ஒரே நாளில். பாதாள சாக்கடை மட்டும் பத்தாண்டுக்கு மேல் ஆகியும் சேர்க்கப்பட்ட பகுதிகள் முழுக்கப் போய்ச் சேரவில்லை. பிறகு குடிநீர் வாரியமே இணைப்புக் கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்று 'இல்லந்தோறும் இணைப்பு' திட்டம் கொண்டுவந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கட்டணம் என்பது கல்வெட்டு இல்லை. நினைத்தால் இளக்கலாம், தள்ளிப் போடலாம், எடுத்தே விடலாம்.

எங்கள் தாளுக்கு வருகிறேன். நாங்கள் நாலு பேர் நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். இளநிலைப் பொறியாளர் மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார். வரைபடத்தை விரித்துக் காட்டினார். 'தம்பி, நாங்க சாதி பார்த்து எஸ்டிமேட் போடறதில்ல. மெயின் லைன்ல இருந்து உங்க காலனி முகப்பு 340 மீட்டர். மீட்டருக்கு இவ்வளவுன்னு ரேட் இருக்கு. பெருக்கினா வர்றதுதான். வீடுங்க கம்மி, தூரம் ஜாஸ்தி. அதனாலதான் முன்பணம் கேக்கறோம்' என்றார்.

நான், 'அந்த 340 மீட்டர் எப்படி சார் வந்துது?' என்று கேட்டேன்.

'டேப் வச்சு அளந்தோம் தம்பி' என்றார்.

கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நான் கிண்டல் பண்ணவில்லை. ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் ஏரிக் கால்வாய், அதன் பிறகு ஊரார் வயல், அதன் ஓரத்தில் சுடுகாடு. காற்று எந்தப் பக்கம் அடித்தால் எங்கள் மூச்சு அவர்கள்மேல் படாது என்று பார்த்து வைத்த தூரம் அது. எங்கள் பாட்டன் விரும்பி அங்கே போய்க் குடிசை போடவில்லை. தீண்டாமைக்கு 340 மீட்டர் என்று அளவு வைத்தது ஊர். அந்த அளவை இன்றைக்கு டேப் வைத்து அளந்து, மீட்டருக்கு ரேட் போட்டு, எங்களிடமே வசூலிக்கிறது நகரம். பொறியாளரின் டேப்பில் சாதி இல்லைதான். டேப்பின் இரண்டு முனைகளும் எங்கே பிடிக்கப்பட்டன என்பதில் இருக்கிறது. (அந்தப் பொறியாளரும் நம்மாள்தான் என்று வெளியே வந்த பிறகு ஒரு தோழர் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கணக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போகிற விதம்தான் கவலையாக இருந்தது.)

இந்த டேப் வாதம் உலகம் பூரா ஒரே மாதிரிதான் பேசுகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஷா என்று ஒரு சின்ன ஊர். அறுபதுகளின் கடைசியில் ஆண்ட்ரூ ஹாக்கின்ஸ் என்கிற கறுப்பரும் அண்டை வீட்டாரும் அந்த ஊர் நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். அப்போது அங்கே தார் போடாத தெருக்களில் இருந்த வீடுகளில் ஏறக்குறைய 98 சதவீதம் கறுப்பர் வீடுகள். சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளில் 97 சதவீதம் கறுப்பர் பகுதியில். நிறம் பார்க்கவில்லை, எந்தச் சாலையில் போக்குவரத்து, எங்கே தேவை என்றுதான் பார்த்தோம் என்றது நிர்வாகம். கீழ்க்கோர்ட்டு அதை ஏற்றுக்கொண்டது. 1971 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. கெட்ட எண்ணம் இருந்ததா என்று தேட வேண்டாம், விளைவைப் பார் என்றது. ஐந்து வருஷம்தான். 1976 இல் வேறொரு வழக்கில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், விளைவு மட்டும் போதாது, நோக்கத்தையும் நிரூபி என்று சொல்லி அந்தக் கதவைச் சாத்திவிட்டது. டேப்புக்கு ஏது நோக்கம்?

அதே நாட்டில் ஓஹாயோ மாநிலத்தில் ஸேன்ஸ்வில் நகரின் விளிம்பில் கோல் ரன் என்றொரு குடியிருப்பு. பெரும்பாலும் கறுப்பர்கள். சுரங்கம் கிணற்றைக் கெடுத்துவிட, மழைநீரைப் பிடித்தும் வண்டியில் தண்ணீர் சுமந்தும் அரை நூற்றாண்டு ஓட்டினார்கள். சுற்றியிருந்த வெள்ளையர் வீடுகளுக்கு நகரக் குழாய் போயிருந்தது. 2002 இல் புகார் கொடுத்து, வழக்கும் போட்ட பிறகுதான் குழாய் வந்தது. 2008 ஜூலையில் ஜூரி, அந்த 67 பேருக்கு மொத்தமாக ஒரு கோடியே ஒன்பது லட்சம் டாலர் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. பிறகு மேல்முறையீடு, சமரசம் என்று தொகை கொஞ்சம் குறைந்தது. எனக்கு முக்கியம் தொகை இல்லை. அங்கே கணக்கு திரும்பிப் போட்டார்கள். குழாய் வராத வருஷங்களுக்கு நகரம் விலை கொடுத்தது. இங்கே குழாய் வராத மீட்டர்களுக்கு நாங்கள் விலை கொடுக்கிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் சாக்கடை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். ஊர் மேட்டில். நாங்கள் ஏரிக்கடியில், பள்ளத்தில். அதனால் உந்து நிலையம் எங்கே கட்டியிருக்கிறார்கள்? எங்கள் பிள்ளைகள் கபடி ஆடிய புறம்போக்கில், காலனிக்குப் பின்பக்கம். மேட்டுத் தெருக்களின் கழிவு மொத்தமும் எங்கள் வீட்டுச் சுவருக்குப் பின்னால் வந்து கூடி, அங்கிருந்து மோட்டார் வைத்து ஏற்றப்படுகிறது. கரண்டு போனால் நாற்றம் யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. ஊர் மலம் எங்கள் பக்கம் வர யாரும் எங்களிடம் கட்டணம் கட்டவில்லை. எங்கள் மலம் பக்கத்திலேயே இருக்கும் அந்தக் குழாய்க்குள் போக நாங்கள் டெபாசிட் கட்ட வேண்டும். பின்பக்கமாக நேரே இணைக்கலாமே என்று கேட்டோம். அது உயர் அழுத்தக் குழாய், அதில் வீட்டு இணைப்பு கொடுக்க விதி இல்லை என்றார்கள். பொறியியல்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் குழாயைத் திட்டமிட்ட நாளில் எங்கள் காலனி வரைபடத்தில் இருந்ததா என்றால் பதில் இல்லை.

சான்றுகள் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டா நகல் வேண்டுமாம். எங்கள் மனைகள் ஆதிதிராவிடர் நலத் துறை நிலம் எடுத்துக் கொடுத்தவை. அதற்கென்றே 1978 இல் ஒரு சட்டம் இருக்கிறது. அன்றைக்குத் தாசில்தார் கொடுத்த பட்டாத் தாள் பெட்டியில் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கிடக்கிறது. வருவாய்க் கணக்கில் இன்றைக்கும் பழைய நிலக்காரர் பெயர். கணினியில் தட்டினால் எங்கள் வீடு எங்களுடையது இல்லை. வீட்டு வரி மட்டும் எங்கள் பெயரிலேயே வாங்குகிறார்கள்.

எதிரில் பாருங்கள். ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த அந்த வயல் இன்றைக்கு மனைப்பிரிவு. எங்கள் அம்மாமார் நாற்று நட்ட சேற்றில் கல் நட்டு, வளைவு கட்டி, 'நகர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அனுமதி இல்லாமல்தான் விற்றார்கள். 2016 அக்டோபர் 20க்கு முன்னால் விற்ற அனுமதியற்ற மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த 2017 இல் அரசே திட்டம் கொண்டுவந்தது. கட்டினார்கள், முறையானார்கள். பணம் கட்டினால் சட்ட மீறலும் சட்டமாகிறது. அந்த மனைகளுக்கெல்லாம் முந்திய எங்கள் வீடுகளோ பணம் கட்டும் தகுதிக்கே ஒரு தாளைத் தேடிக்கொண்டிருக்கின்றன. எல்லை நகர்ந்தால் நில விலை நகர்கிறது, நில விலை நகர்ந்தால் முதலில் ஆட்டம் காண்பது நம் நிலம். 1892 இல் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லும் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் யார் கையில் போனது என்பதும், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் அதைக் கேட்டதற்கு ஜான் தாமசும் ஏழுமலையும் சுடப்பட்டதும் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பாடப் புத்தகம் இல்லாமலே தெரியும்.

நகரம் வளர்வதற்கு நிலம் விற்கிறவன் ஒன்றுமே கட்டுவதில்லை என்று சொல்ல மாட்டேன். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தில் வளர்ச்சிக் கட்டணம் இருக்கிறது. 2007 இல் அதைத் திருத்திப் பெரிய கட்டடங்களுக்கு உட்கட்டமைப்பு, அடிப்படை வசதிக் கட்டணம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அது மாநில அளவிலான நிதியில் போய்ச் சேர்கிறது. கட்டடம் எழுந்த இடத்தின் பக்கத்துச் சேரிக்கு அதிலிருந்து ஒரு முழம் குழாயாவது வந்தே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் எதுவும் அதில் இல்லை. அடுக்குமாடி வாங்க வருகிறவனுக்கு 'எல்லா வசதியும் உள்ள பகுதி' என்று விளம்பரம். அந்த வசதியின் உந்து நிலையம் எங்கள் முதுகில்.

'எல்லாத்தையும் இலவசமா கேக்கறதா? காசு கட்டினாத்தான் உரிமையா பேச முடியும்' என்று எங்கள் கூட்டத்திலேயே ஒரு மாணவத் தோழர் சொன்னார். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. இலவசம் என்று நம்மை இளிக்கிற பொதுப்புத்தியைப் பார்த்துச் சலித்துப்போய்ச் சொல்கிறார். மாதக் கட்டணத்தைக் கட்டுவோம், பயன்படுத்துகிற எல்லாரும் கட்டுவதைப் போல. அதில் தகராறு இல்லை. 340 மீட்டரைக் கட்ட மாட்டோம் என்கிறோம். அது எங்கள் செலவு இல்லை, ஊரின் பழைய பாக்கி. இன்னொருவர், துணைத் திட்ட நிதியிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லலாமே, 2024 இல் அதற்குத் தனிச் சட்டமே வந்துவிட்டதே என்றார். கூடாது. நம் பிள்ளைகளின் படிப்புக்கும் நிலத்துக்கும் போக வேண்டிய பணத்தைத் தீண்டாமை வைத்த தூரத்தை நிரப்பச் செலவழித்தால், அபராதத்தை அடிபட்டவனிடமே வாங்குவதாகும். நகராட்சியின் பொது நிதியில், நகரக் கணக்கில் வர வேண்டும்.

இதற்கெல்லாம் அவசரம் என்ன, இத்தனை வருஷம் பொறுத்தோமே என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் கடைசித் தெருவைக் காட்ட வேண்டும். அங்கே ஒன்பது அருந்ததியர் குடும்பங்கள். அதில் ஓர் அண்ணன் செப்டிக் டேங்க் வேலைக்குப் போகிறவர். லாரி போகாத சந்து, அடியில் கெட்டிப்பட்ட சகதி என்றால் இன்றைக்கும் அவருக்குத்தான் போன் வரும். 1993 சட்டம் வந்தது, 2013 சட்டம் வந்தது. 1993க்குப் பிறகு செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடு என்று 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கிலேயே சாக்கடையிலும் தொட்டியிலும் செத்தவர்களில் தமிழ்நாடுதான் முதலிடம், இருநூறு பேருக்கு மேல். இணைப்புக் கட்டணம் கட்ட முடியாத ஒவ்வொரு வீடும் தொட்டியை வைத்துக்கொண்டே இருக்கும். தொட்டி இருக்கிறவரை அண்ணனுக்கு போன் வரும். அந்தத் தாளில் போட்ட தொகை எங்கள் காலனியின் சௌகரியக் கணக்கு மட்டும் இல்லை, யார் இறங்குவது என்கிற கணக்கும்கூட.

அந்த அண்ணனிடம் மனுவில் கையெழுத்து வாங்கப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. மனுவை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரிந்தவர். 'தம்பி, 340 மீட்டர் எதுவரைக்கும்?' என்றார்.

'காலனி முகப்புல அம்பேத்கர் சிலை வரைக்கும்ணே. அங்கருந்து உள்தெருவுக்குப் பிரியும்.'

'உள்தெருன்னா எது? தண்ணி டேங்க் வரைக்கும்தான் இதுல எழுதியிருக்குது. எங்க தெரு அதுக்கு அந்தாண்ட.'

நான் மனுவைத் திருப்பி வாங்கிப் பார்த்தேன். நகராட்சி வரைபடத்தில் தண்ணீர்த் தொட்டியோடு கோடு நின்றிருந்தது. நாங்கள் அதை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறோம். நாலு படித்த இளைஞர்கள், இரண்டு இரவு உட்கார்ந்து, ஊர் எங்களுக்கு வைத்த தூரத்தைப் பற்றி அனல் பறக்க எழுதிய மனுவில், நாங்கள் வைத்திருந்த தூரம் யார் கண்ணிலும் படவில்லை. அண்ணன் திட்டவில்லை. 'டீ குடிக்கிறியா?' என்று கேட்டார். குடித்தேன். அவர் வீட்டில் நான் டீ குடித்தது அதுதான் முதல் தடவை. எத்தனை வருஷமாக ஒரே காலனி.

மறுநாள் நாங்களே ஒரு டேப் வாங்கிக்கொண்டு அளந்தோம். அண்ணன் ஒரு முனை, நான் ஒரு முனை. பிரதான சாலையின் ஆள்நுழை குழியிலிருந்து சிலை வழியாக, தண்ணீர்த் தொட்டி தாண்டி, கடைசித் தெருவின் கடைசி வீட்டுக் கக்கூஸ் சுவர் வரை 465 மீட்டர். மனுவை மாற்றி எழுதினோம். 465 மீட்டருக்கும் நகரமே செலவு செய்ய வேண்டும். எழுபது சதவீத நிபந்தனையை எடுக்க வேண்டும். முன்பணம் குழாயில் தண்ணீர் ஓடிய பிறகுதான், அதுவும் தவணையில். பட்டாவுக்குப் பதில் வீட்டு வரி ரசீது போதும். தொட்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு உந்து நிலையத்தில் நிரந்தர வேலை. இந்தக் கடைசிக் கோரிக்கையில் அண்ணனுக்கு இஷ்டமில்லை. 'மறுபடியும் பீ வேலையேவா தம்பி? வாட்டர் டேங்க் ஆபரேட்டர்னு போடு' என்றார். அப்படியே போட்டோம்.

மனுவைக் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். கடைசித் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. பெரியம்மா சீட்டு எடுத்துக் கட்டிவிடலாமா என்று தினம் கேட்கிறது. இந்த மாதிரித் தாள் உங்கள் பகுதிக்கு வந்திருந்தால் அதன் நகலையும், பிரதான குழாயிலிருந்து உங்கள் கடைசித் தெருவின் கடைசி வீடுவரை நீங்களே அளந்த தூரத்தையும் இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பி வையுங்கள்.